கழுவக் கூடாத பத்து நாள்

அந்தக் குடியிருப்பில் நூற்றெண்பது வீடுகள். அவற்றில் காலையில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்த வரிசை வீடுகளில் விருந்தாளி வந்து தங்கியிருக்கிறார்கள், எந்தப் புண்ணியவான் புதிதாகத் துணி துவைக்கும் மிஷின் வாங்கி அளவு தெரியாமல் சோப்புத்தூளைக் கொட்டுகிறார் என்பதெல்லாம் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் யார் வீட்டு ஜன்னலிலும் எட்டிப் பார்த்ததில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்கும் கீழே, பதினெட்டுப் படி இறங்கினால் ஓர் அறை வரும். அங்கே கழிவுநீர்த் தொட்டியின் ஓரத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எல்லார் வீட்டுச் சமாசாரமும் குழாய் வழியாகத் தானே இறங்கி அவளிடம் வந்து சேரும். தெரிந்ததை வெளியே சொல்லிக்கொண்டு திரிகிற வழக்கம் அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள்.

அவளுக்குத் தொட்டி அக்கா என்று பெயர். முதலில் சிறுவர்கள்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு இதில் மனவருத்தம் ஒன்றும் கிடையாது. இதற்கு முன்னால் ஒன்பது வருஷம் இதே கட்டடத்தில் மாடிப்படி பெருக்கினாள். அப்போது அவளுக்குப் பெயரே இல்லை, "இந்தாம்மா" என்பதோடு சரி.

தொட்டி வேலை அவளிடம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. முன்பு இருந்த ஆபரேட்டர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அவர் போன பிறகுதான் தொட்டி பல மாதங்களாகப் பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. சுத்திகரித்த தண்ணீர் சோதனையில் இரண்டு தடவை தோற்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் வந்து நிலையத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லித் திறந்துவிட்டார்கள். மறுபடி ஓட்டிக் காட்ட ஒரு பொறியாளர் வந்தார். வந்தவருக்குக் கண்ணாடிக் குடுவையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்பட்டது. படி பெருக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார். பதினைந்து நாள் குடுவை பிடித்தவள் பதினாறாம் நாள் அவரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இருபதாம் நாள் அவர் கிளம்பும்போது, வேறு ஆள் தேட வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இவ்வளவுதான். வீடுகளிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீர் ஒரு பெரிய தொட்டியில் நிறையும். அடியிலிருந்து ப்ளோயர் ராப்பகலாகக் காற்று ஊதும். அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகி, அழுக்கையெல்லாம் தின்றுவிட்டு, அடுத்த தொட்டியில் போய்ப் பழுப்பு வண்டலாகப் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீர் தோட்டத்துக்கும் கழிவறைகளுக்கும் போகும். பொறியாளர் இதைப் படம் போட்டு அரை நாள் விளக்கினார். அவளுக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பாடு, மூச்சுவிடக் காற்று, படுக்க இடம், கையில் விஷம் எதுவும் கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு பெண்களை வளர்த்தவளுக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அன்றிலிருந்து அந்த நுண்ணுயிர்களை அவள் பிள்ளைகள் என்றுதான் சொல்லுவாள். "பிள்ளைங்களுக்கு இன்னிக்குப் பசி", "பிள்ளைங்க நேத்து எண்ணெய் ஜாஸ்தி சாப்பிட்டுட்டாங்க" என்று அவள் பேசுவதைக் கேட்டுப் புதிதாக வந்த காவலாளி ஒருவர் பயந்துபோய் வேலையை விட்டுப் போனதாக ஒரு பேச்சு உண்டு. அது பொய்யாகவும் இருக்கலாம்.

தினமும் ஒரு லிட்டர் குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு மேஜைமேல் அரை மணி நேரம் அசையாமல் வைப்பாள். வண்டல் எந்தக் கோடு வரைக்கும் படிகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவாள். முந்நூறு மில்லிக் கோட்டை ஒட்டி இருந்தால் பிள்ளைகள் சௌக்கியம். முன்பிருந்தவரின் நோட்டில் மூன்று வருஷமும் முந்நூறு, முந்நூறு, முந்நூறு என்றே இருந்தது. வெள்ளம் வந்து மின்சாரமே இல்லாத நான்கு நாளிலும் முந்நூறு. தொட்டி அக்காவின் நோட்டில் இருநூற்றெழுபது இருக்கும், முந்நூற்று நாற்பது இருக்கும், பக்கத்திலேயே குறிப்பு என்ற கட்டத்தில் அவள் மனசில் பட்டதும் இருக்கும். "வெள்ளை நுரை. யாரோ கம்பளி துவைத்திருக்கிறார்கள்." "இன்று மண் வாசனை. நல்ல நாள்." "ப்ளோயர் இருமுகிறது. எண்ணெய் விட்டேன்."

நிலையம் மூடிக் கிடந்த இரண்டு மாதத்தையும் அவள் மறக்கவில்லை. அப்போது கழிவுநீரை டேங்கர் லாரிகள் வந்து உறிஞ்சிக்கொண்டு போயின. ஒரு மத்தியானம் மொட்டை மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் சுற்றுச்சுவருக்கு அப்பால் இருக்கும் குளத்தைப் பார்த்தாள். அதே லாரி பட்டப்பகலில் குளக்கரையில் பின்பக்கமாக நின்று, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். மறு வாரம் குளத்தில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. இப்போது பதினான்கு மாதமாகிக் குளத்தில் மறுபடியும் கொக்கு வந்து நிற்கிறது. மறுபடி சீல் விழுந்தால் மறுபடி லாரி வரும். வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த லாரி திரும்பவும் வருவதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

வீட்டில் அவள் தொழிலுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு சின்னச் சரக்கு வண்டி வைத்திருந்தார். மெத்தைக் கடைகளுக்கு மெத்தை ஏற்றிப் போவார். வெள்ளை மெத்தையில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால், வண்டியின் பின்பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். நல்ல மனுஷர், பெண்டாட்டியை அதட்டிப் பேசியதில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் நடுவில், வீட்டில் அவங்க என்ன வேலை பார்க்கிறாங்க என்று யாராவது கேட்டால், "தண்ணி சம்பந்தமான வேலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அவருடைய அண்ணி இதை நம்பி, தங்கள் தெருவுக்குச் சீக்கிரம் குடிநீர் இணைப்பு வாங்கித் தரச் சொல்லி ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். தொட்டி அக்கா இதைச் சிரிப்பாகத்தான் சொல்லுவாள். உள்ளுக்குள் அவளுக்கு அது வலித்தது.

இப்படி இருக்கும்போது வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வாரம் கழித்து வரும் புதன்கிழமை அதிகாரி நேரில் வந்து நிலையத்தைப் பார்ப்பார், தண்ணீர் மாதிரி எடுப்பார், தேறாவிட்டால் நிரந்தரமாக மூடப்படும் என்று இருந்தது.

குடியிருப்பின் செயலாளர் ஒரு காலத்தில் ரயில்வேயில் நேர அட்டவணை போட்டவர். சுற்றறிக்கை எழுதுவதென்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம். கடிதத்தைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. அதிகாரி வருகிறார் என்றால் கட்டடம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? சனிக்கிழமை காலையில் எல்லா லிஃப்டிலும் சுற்றறிக்கை ஒட்டினார். இன்று மாபெரும் தூய்மை நாள், ஒவ்வொரு வீடும் கழிவறைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வீட்டுக்கு இரண்டு பாட்டில் கிருமிநாசினி சங்கமே இலவசமாகத் தரும். இலவசம் என்றால் கேட்கவா வேண்டும். மதியத்துக்குள் முந்நூற்றறுபது பாட்டிலும் தீர்ந்துவிட்டன. மூன்றாம் மாடி டீச்சரம்மா, சுத்தத்துக்குப் பேர்போனவர், தன் பங்குக்குக் கையிலிருந்து மேலும் மூன்று பாட்டில் வாங்கி ஊற்றினார்.

சனிக்கிழமை தொட்டி அக்காவுக்கு வார விடுமுறை. சின்ன மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்கு வந்து படி இறங்கினாள். ஆறாவது படியிலேயே மண் வாசனைக்குப் பதில் மருந்து வாசனையும், அதற்கடியில் அழுகிய முட்டை நாற்றமும் வந்தன. தொட்டியின்மேல் வெள்ளை நுரை இடுப்பளவு எழும்பி நின்றது. குடுவையில் மொண்டு வைத்தாள். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, எதுவும் படியவில்லை. குடுவை முழுக்க அரிசி களைந்த தண்ணீர்போல ஒரே கலங்கல். வாரியத்தாருக்குத் தொட்டி சுத்தமாக இருக்கிறதென்று காட்டுவதற்காக, தொட்டியில் உயிரோடு இருந்ததையெல்லாம் நூற்றெண்பது குடும்பங்களும் ஒன்று கூடிக் கொன்றிருந்தன.

அவள் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து நோட்டைத் திறந்து எழுதினாள்: "எல்லாம் செத்துப் போச்சு. முந்நூற்றறுபது பாட்டில். இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும்தான் சொல்லவில்லை." அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே செயலாளர் வீட்டுக்குப் போனாள்.

செயலாளர் விஷயத்தைக் கேட்டு முதலில் நம்பவில்லை. கிருமிநாசினி கிருமியைக் கொல்வதில் என்னம்மா தப்பு என்றார். அந்தக் கிருமிதான் சார் நமக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன் என்றாள் அவள். குடுவையைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். அதை மேஜைமேல் வைத்ததும் அவர் பேச்சை நிறுத்தினார். மனுஷர் அசடு வழிந்ததை அன்றைக்குத்தான் அவருடைய வீட்டம்மாவும் முதன்முதலாகப் பார்த்தார்களாம். இன்னும் பத்து நாள் இருக்கிறது, நான் சொல்கிறபடி கேட்டால் பார்க்கலாம் என்றாள் தொட்டி அக்கா. அன்று மாலை லிஃப்டுகளில் புதுச் சுற்றறிக்கை வந்தது. பத்து நாளைக்கு எந்த வீட்டிலும் எந்தப் பாட்டிலையும் திறக்கக் கூடாது. பிரஷும் வெறும் தண்ணீரும் போதும்.

சுற்றறிக்கை தரைத்தளத்திலிருந்து எட்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் பத்து நாளைக்குக் கழுவவே கூடாது என்று ஆகிவிட்டது. ஆறாம் மாடியில் ஒருவர் குளிக்கலாமா என்று போன் போட்டுக் கேட்டார். சிறுவர்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். டீச்சரம்மா மட்டும் பித்துப் பிடித்தவர்போல் ஆனார். தினமும் பதினெட்டுப் படி இறங்கிவந்து, இன்றைக்கு ஒரே ஒரு மூடி ஊற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டுப் போவார். மூன்றாம் நாள் தொட்டி அக்கா அவரைத் தொட்டி ஓரத்திலேயே உட்காரவைத்து, குடுவையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்துவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் அவர். அதன்பிறகு ஒரு மூடி கேட்பது நின்றுபோயிற்று.

ஆனால் மருந்தை நிறுத்தினால் மட்டும் செத்தது பிழைக்காது. வேறொரு நல்ல தொட்டியிலிருந்து உயிருள்ள வண்டலைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். பாலில் உறைமோர் விடுகிற மாதிரிதான். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி விடுதி இருந்தது. அங்கே தொட்டி பார்க்கிறவர், ஆபரேட்டர்களுக்கான பயிற்சிக் கூட்டங்களில் பார்க்கும்போதெல்லாம் தன் தொட்டியைப் பற்றியே அளந்துகொண்டிருப்பார். அறுநூறு பையன்கள் சாப்பிட்டுப் போடுகிற கழிவைத் தின்று வளர்ந்த தன் பிள்ளைகளுக்குக் கல்லைப் போட்டாலும் செரிக்கும் என்பது அவர் கட்சி. தொட்டி அக்கா போய்க் கேட்டதும், தாராளமாக அள்ளிக்கொண்டு போகலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான். அவர் தொட்டிதான் ஊரிலேயே முதல் தொட்டி என்று அவள் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அவள் மென்று விழுங்கிச் சொன்னாள்.

வண்டல் கிடைத்துவிட்டது, வண்டி கிடைக்கவில்லை. டேங்கர்காரர்களைக் கேட்டதற்கு, உங்கள் தொட்டி செத்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு, நாங்களே வந்து உயிர் கொடுக்க வேண்டுமா என்று சிரித்தார்கள். மற்ற வண்டிக்காரர்கள் எதை ஏற்றப்போகிறோம் என்று கேட்டதும் போனை வைத்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் வரை அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நாளைக்கு வண்டி வேணும்."

"எதுக்கு?"

அவள் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. ஒரு நடைக்கு ஐந்து டிரம், ஆறு நடை.

அவர் துணியைப் பிழிந்தார். மறுபடி நனைத்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"மெத்தை ஏத்துற வண்டிம்மா இது."

"தெரியும். வேற யார்கிட்டயும் கேக்காம உங்ககிட்ட வரல. எல்லாரையும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். சமையல்கட்டில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். கடைசியில் அவர் வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூடி இறுக்கமா இருக்குமா?" என்று கேட்டார்.

மறுநாள் வண்டியின் பின்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் தாளை மூன்று மடிப்பாக விரித்து, ஒரு துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரன் மாதிரி வந்து நின்றார் மனுஷர். முதல் நடையில் டிரம் பக்கமே திரும்பவில்லை. பம்ப் வைத்து நிரப்பும்போது மரத்தைப் பார்த்தார், தொட்டியில் இறக்கும்போது சுவரைப் பார்த்தார். இரண்டாவது நடையில் வெயில் ஏறியது. துண்டு மூக்கிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. மூன்றாவது நடையில், மூடிய டிரம்முக்குள் இதுகளுக்கு மூச்சு முட்டாதா என்று கேட்டார். ரொம்ப நேரம் ஆனால் முட்டும் என்றாள் அவள். அவள் ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான், அவர் அதை மனசில் வாங்கிக்கொண்டுவிட்டார்.

நான்காவது நடையில் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நின்றன. பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கிப் பின்னால் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஐந்து டிரம்மின் மூடியையும் திறந்து வைத்தார், பிள்ளைகள் மூச்சு விடட்டும் என்று. விடுதிக்காரரின் தொட்டி முதல் தொட்டியாகவே இருந்தாலும் அந்த வெயிலில் அது கமகமக்காது. பக்கத்தில் நின்ற காரின் ஜன்னல் ஏறியது. பின்னால் நின்ற பஸ்ஸில் ஒரு கூச்சல் கிளம்பியது. முன்னால் இருந்த வண்டிகளெல்லாம் இடமில்லாத இடத்தில் இடம் பண்ணிக்கொண்டு ஒதுங்கின. ஆம்புலன்ஸுக்குக்கூட அந்தச் சாலையில் அப்படி வழிவிட்டதில்லை. வீட்டுக்காரர் ஐந்தே நிமிஷத்தில் பாலத்தைத் தாண்டிவிட்டார். பக்கத்து இருக்கையில் தொட்டி அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறி, அவர்தான் தலையில் தட்டிவிட வேண்டியதாயிற்று. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்து அவளுக்கு ஞாபகமில்லை. அன்று குறிப்புக் கட்டத்தில் அவள் வழக்கத்தைவிடக் கூடுதலாக எழுதினாள்.

உறை விட்டாயிற்று. இனிப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சர்க்கரையைக் கரைத்து ஊற்றினாள், காற்றைக் கூட்டினாள், குறைத்தாள். வெள்ளிக்கிழமை நுரை அடங்கியது. சனிக்கிழமை குடுவையின் அடியில் விரல் தடிமனுக்குப் பழுப்பாக ஏதோ படிந்தது. டீச்சரம்மா பேரன் பிறந்ததைச் சொல்வதுபோல லிஃப்டுக்கு நிற்பவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னார். ஞாயிறு நூற்றைம்பது, திங்கள் இருநூற்றிருபது. மேலே நின்ற தண்ணீரில் மட்டும் இன்னும் லேசான கலங்கல் இருந்தது.

திங்கட்கிழமை மாலை செயலாளர் ஒரு புது நோட்டோடு இறங்கி வந்தார். பழைய நோட்டை அவர் அப்போதுதான் புரட்டிப் பார்த்திருந்தார். பார்த்தவருக்குத் தலை சுற்றியது. இருமல், கம்பளி, கண்ணீர் என்று என்னென்னவோ இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வேறு. அதிகாரி அதைப் படித்தால் அந்த இடத்திலேயே சீல்தான் என்றார். புது நோட்டில் பதினான்கு மாதத்தையும் நம்பர் மட்டும் போட்டு அழகாக எழுதிவிடும்படி கெஞ்சினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. செய்த தவறுக்குப் பரிகாரமாக ஏதாவது செய்ய வேண்டுமென்று தவித்துக்கொண்டிருந்தார்.

"செத்ததை செத்துச்சுன்னுதான் சார் எழுதணும். இல்லன்னா பொழைச்சதை எப்படி நம்புவாங்க?"

"நம்பலன்னா என்னம்மா பண்ணுவீங்க? குளத்துக்கு லாரி வரும். அதைத்தானே நீங்க வேண்டாங்கறீங்க?"

அவர் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்வதும் சரிதானே என்று ஒரு மனசு சொல்லியது. தன் ஒருத்தியின் பிடிவாதத்தால் குளம் நாறிப்போனால் யாருக்கு லாபம்? பேனாவை எடுத்தாள். முந்நூறு என்று எழுதினாள். அடுத்த வரியிலும் முந்நூறு. நாலாவது முந்நூறு எழுதும்போது முன்பிருந்த ஆபரேட்டரின் கையெழுத்துமாதிரியே அது தெரிந்தது. நோட்டை மூடி அலமாரிக்குள் போட்டாள். வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னாள். புதன்கிழமை மெத்தை ஏற்றப் போவதில்லை, நானும் வந்து நிற்கிறேன் என்றார் அவர். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண், பேச்சு குறைவு. பதினெட்டுப் படியும் ஒரு கூட்டமே பின்தொடர்ந்து இறங்கியது. செயலாளர் கோப்புகளோடு முன்னால் நின்றார், டீச்சரம்மா அவருக்குப் பின்னால். வீட்டுக்காரர் கடைசியில் தூண் ஓரமாக நின்றார். அதிகாரி சுத்திகரித்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து மூடி ஒட்டினார். உற்சாகம் தாங்காமல் செயலாளர், ஒரு டம்ளர் கொடுங்கள், நான் குடித்தே காட்டுகிறேன் என்று கையை நீட்டினார். "அது செடிக்கு ஊத்துற தண்ணி சார், நீங்க குடிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றாள் தொட்டி அக்கா. அதிகாரி நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தார்.

பிறகு குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு மேஜையில் வைத்தார். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நோட்டைப் பார்த்துவிடுகிறேன் என்றார்.

செயலாளரின் கண்கள் அலமாரிப் பக்கம் போயின. தொட்டி அக்கா பழைய நோட்டை எடுத்து நீட்டினாள்.

அதிகாரி முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஓரிடத்தில் அவர் உதடு கொஞ்சம் விரிந்தது; கம்பளிக் குறிப்பாக இருக்க வேண்டும். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிறுத்தினார். மறுபடி படித்தார். பாட்டில் கொடுத்தது யார் என்று கேட்டார். செயலாளர், நான்தான் மேடம் என்று ஒப்புக்கொண்டார். டீச்சரம்மா, அதற்கு மேலே ஊற்றிய மூன்று என்னுடையது என்று தானாகவே சேர்த்துக்கொண்டார்.

"இந்த வருஷம் எழுபது தொட்டி பாத்துட்டேன். எழுபது நோட்டுலயும் தினம் ஒரே நம்பர்தான். எந்த நோட்டுலயும் இதுவரைக்கும் ஒண்ணும் செத்ததில்ல. செத்ததில்லன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்," என்றார் அதிகாரி. "உயிரோட இருக்கிற தொட்டியை இப்பத்தான் பாக்கறேன்."

அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எழுத்து நெருக்கமாக இருந்ததால் வாய்விட்டே படிக்க ஆரம்பித்தார்.

"'இன்று முப்பது டிரம். ஊரெல்லாம் கேட்டும் யாரும் வண்டி தரவில்லை. என் வீட்டுக்காரர் தந்தார். என் வேலையை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். அவரே நடுரோட்டில் மூடியைத் திறந்து பிள்ளைகளுக்கு மூச்சு கொடுத்தார். இன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.'"

தொட்டி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. தனக்காக எழுதிக்கொண்டது இப்படிச் சபையில் ஏறும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. வீட்டுக்காரர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

அதிகாரியின் கைக்கடிகாரம் கிணுகிணுத்தது. அரை மணி ஆகிவிட்டிருந்தது. அவர் நோட்டை மூடிவிட்டுக் குடுவைப் பக்கம் திரும்புவதற்குள், தூண் ஓரத்திலிருந்து ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மேஜைமுன் குனிந்து, குடுவையில் மூக்கு இடிக்கிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். அடியில் பழுப்பாகப் படிந்திருந்தது. மேலே தண்ணீர் சலனமில்லாமல் நின்றது. அதன் வழியாக எதிரே இருந்த சுவரின் விரிசல்வரை தெரிந்தது.

"இருநூத்தி எண்பது, மேடம்," என்றார்.

"நீங்க?"

"ஆபரேட்டரோட வீட்டுக்காரர்."

அதிகாரி அந்த எண்ணைத் தன் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆய்வகத்து முடிவு ஆறு நாள் கழித்து வந்தது, தண்ணீர் தேறியிருந்தது, நிலையம் தொடர்ந்து ஓடலாம் என்று கடிதமும் வந்தது. செயலாளர் அதற்கு ஒரு சுற்றறிக்கை போட்டார். ஆனால் தொட்டி அக்காவைக் கேட்டால் முடிவு புதன்கிழமையே வந்துவிட்டது என்பாள். எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாள். சிரித்துக்கொண்டே பதினெட்டுப் படி இறங்கிப் போய்விடுவாள்.